விளையாட்டிலும் ஓர் அமானிதம்

 

அரியலூரில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து, பள்ளியின் வெளித்திண்ணையில் நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஐந்தாறு இளைஞர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் மஞ்சள் பனியன் அணிந்திருந்தனர். முதுகில் 7 என்ற எண். அதோடுதான் தொழுகையிலும் நின்றிருக்கிறார்கள். நாம் முன்னால் நின்றதால் அது நம் கண்ணில் படவில்லை. பின் வரிசைப் பெரியவர்களின் கண்ணில் நன்றாகவே பட்டிருக்கிறது. அது தனி வழக்கு. இன்னொரு மாதம் பேசுவோம்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்.”

“கேளுங்க தம்பி.”

“பெருநாள் கழிச்சு ஒரு கிரிக்கெட் போட்டி நடத்துறோம். பதினாறு டீம். டீமுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம். ஜெயிச்ச டீமுக்குப் பத்தாயிரம், ரெண்டாவது வர்ற டீமுக்கு அஞ்சாயிரம். மிச்சம் ஆயிரத்துல பந்து வாங்கிக்குவோம். இது கூடுமா, கூடாதா?”

நாம் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். “கிரிக்கெட்டே கூடாதுங்கிறேன் நான். இவனுங்க அதுல கட்டணம், பரிசுன்னு மஸ்அலா கேக்குறானுங்க!”

அந்தப் பெரியவர் முந்தின வாரம் டீக்கடைத் தொலைக்காட்சியின் முன்னால் கடைசி ஓவர் முடியும்வரை எழுந்திருக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். சபையில் சொல்லவில்லை.

சகோதரர்களே! விளையாட்டைப் பற்றி நம் வீடுகளில் நடமாடும் கருத்துகள் பெரும்பாலும் இவ்விரண்டுதான். ஒன்று, விளையாட்டே வீண், அதைப் பார்ப்பதும் பாவம் என்பது. மற்றது, விளையாட்டுத்தானே, அதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்பது. இரண்டுமே அருமை நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சரியாகப் பாராததால் வந்தவை.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒரு முறை நாயகி வென்றார்கள், பின்னொரு முறை நாயகம் வென்றார்கள். மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பழக்கிய குதிரைகளுக்கு ஒரு தூரம், பழக்காதவற்றுக்கு அதைவிடக் குறைந்த தூரம் என்று எல்லையும் வகுத்தார்கள். அப்பந்தயத்தில் தாமும் கலந்துகொண்டதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளியிலேயே ஈட்டி விளையாட்டு நடத்தியபோது, ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பார்த்துச் சலிக்கும்வரை நபியவர்கள் தம் தோளின் மறைவில் நின்று பார்க்கவிட்டார்கள். இவையெல்லாம் ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் உள்ளவை. ஆகவே ஆடுவதும் பார்ப்பதும் அடிப்படையில் ஆகுமானவையே. பெரியவருக்கு நாம் சொன்ன பதிலும் அதுவே. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. டீக்கடை நினைவு வந்திருக்கலாம்.

இளைஞர்கள் கேட்ட கேள்வி வேறு. பதினாறு பேரும் பணம் போட்டு, வென்றவர் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்வது சூது. பந்துக்குப் பதிலாகச் சீட்டுக்கட்டு இருந்தால் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. மட்டையும் பந்தும் இருப்பதால் புரிவதில்லை. போட்டியாளர் ஒவ்வொருவரும் பணம் வைத்து, ஒருவர் இலாபமும் மற்றவர் நட்டமும் அடையும் பந்தயத்தை நம் இமாம்கள் சூதென்றே தடுத்திருக்கிறார்கள். போட்டியில் சேராத மூன்றாமவர் ஒருவர் தம் கைப்பொருளைப் பரிசாகக் கொடுத்தால் அந்தக் குற்றம் நீங்கிவிடுகிறது. குதிரை, ஒட்டகம், அம்பு தவிர்த்த மற்ற ஆட்டங்களில் பரிசு வைக்கலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நீண்ட பாடம். பணம் போட்டவர்களின் பணமே பரிசாகக் கூடாது என்பதை மட்டும் தம்பிமார் பிடித்துக்கொண்டால் போதும். நுழைவுக் கட்டணத்தை மைதானச் செலவுக்கும் பந்துக்கும் தண்ணீருக்கும் வாங்கலாம். அதற்கு ஆயிரம் தேவையில்லை.

இதே சூது கைப்பேசிக்குள் புகுந்து சில ஆண்டுகள் அமர்க்களம் செய்ததையும் இங்கே நினைவூட்ட வேண்டும். பதினோரு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டு, உன் கணிப்புப் பலித்தால் பணம் என்றார்கள். ‘இது அறிவு விளையாட்டு, சூதல்ல’ என்று நம் பிள்ளைகளே நம்மிடம் வாதாடினார்கள். அந்த விளையாட்டை நடத்திய டிரீம்11 என்ற நிறுவனம் 2020-இல் ஐ.பி.எல். போட்டிக்கே தன் பெயரைச் சூட்டியது. 2023-இல் இந்திய அணியின் சட்டை மார்பிலும் ஏறியது. பிறகு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. சட்டை மார்பிலிருந்து அந்தப் பெயர் இறங்கியது. தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்திருந்தது. மதுவையும் சூதையும் சேர்த்தே தடுத்து, அவற்றால் பகைமையும் தொழுகையை மறப்பதும் விளையும் என்று காரணத்தையும் திருமறை சொல்லிவிட்டது. அல்மாயிதா அத்தியாயத்தின் அந்த வசனங்களை ஓதிக்கொண்டே, அரசாங்கம் சட்டம் போடும்வரை காத்திருந்த குடும்பங்கள் நம்மில் உண்டு என்பது வருத்தம்.

இதற்குள் அந்த இளைஞர்களில் ஒருவர் தலையைச் சொறிந்தார். “ஹஜ்ரத், பரிசு குடுக்க ஒரு ஆள் இருக்காரு. நம்ம மஹல்லாவுல சிமெண்ட் லாரி வச்சிருக்கிற பாய். முழுப் பரிசும் தர்றேங்கிறார். ஆனா போட்டிக் கமிட்டிக்குத் தலைவரா அவரைத்தான் போடணும்னு சொல்றார். அம்பயரும் அவர் சொல்ற ஆளாம். அவரோட தம்பி மகன் டீமும் ஆடுது.”

இங்கேதான் நாம் திண்ணையில் உட்கார்ந்தோம். உண்மையான மஸ்அலா இதுதான்.

தம்பிமார் அணிந்திருந்த அந்த மஞ்சள் சட்டையின் கதையை நாம் கேட்டோம். அவர்களுக்கு வெற்றிகள் தெரிந்தன: 2010, 2011, 2018, 2021, 2023 என்று விரல்விட்டுச் சொன்னார்கள். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளில் அந்த அணி ஏன் ஆடவில்லை என்று கேட்டதற்கு, ஒருவர் “ஏதோ கேஸ்” என்றார். அந்த ‘ஏதோ கேஸ்’ அரியலூர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டியது.

நம் மாவட்டத்து மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. அதன் சங்கும் கிளிஞ்சலும் இறுகிக் கல்லாகி, இன்று சிமெண்டாகி லாரியில் போகின்றன. செந்துறை வட்டம் தளவாயில் உள்ள ஆலை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் நடத்தியது. அந்த நிறுவனம் சென்னை லீக் ஆட்டங்களில் பல அணிகளை வளர்த்தது, ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்தது. அந்த நன்றியை மறுக்கக் கூடாது. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபோது 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை அணியையும் வாங்கிற்று. நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் என். சீனிவாசன். அப்போது அவரே இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர், அடுத்துச் செயலாளர், 2011-இல் தலைவர்.

வாரியத்தின் விதியில், நிர்வாகிகள் எவரும் வாரியத்தின் ஆட்டங்களில் நேராகவோ மறைமுகமாகவோ வியாபாரத் தொடர்பு வைத்திருக்கக் கூடாது என்றிருந்தது. 2008 செப்டம்பரில் அந்த விதியைத் திருத்தி, ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கு விலக்கு என்று எழுதிக்கொண்டார்கள். கதவைத் திறந்தது அந்த ஒரு வரிதான்.

2013 மே மாதத்தில் ராஜஸ்தான் அணியின் ஆட்டக்காரர் மூவர் சூதாட்டத் தொடர்பில் கைதானார்கள். சில நாட்களுக்குள் சீனிவாசனின் மருமகனும் பந்தயம் கட்டிய புகாரில் மும்பைப் போலீசாரால் கைது செய்யப்பட்டார். அதுவரை சென்னை அணியின் முதன்மைப் பொறுப்பாளராக வலம் வந்தவர் அவர். அந்தச் சமயத்தில் நிறுவனம், அவர் அணியின் உரிமையாளருமல்லர், பொறுப்பாளருமல்லர், கௌரவ உறுப்பினர் மட்டுமே என்று அறிக்கை விட்டது. வாரியமே நியமித்த இருவர் குழு விசாரித்துக் குற்றமில்லை என்றது; அந்தக் குழுவை அமைத்ததே சட்டப்படி செல்லாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. முத்கல் குழு விசாரித்தது. 2015 ஜனவரி 22-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த 2008 திருத்தத்தைச் செல்லாது என்று அறிவித்து, அணியில் வியாபாரத் தொடர்பு உள்ளவர் வாரியத் தேர்தலில் நிற்கக் கூடாது என்றது. சீனிவாசன் உண்மையை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்புச் சொல்லிற்று. அதையும் சொல்வதே நீதி. அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டாண்டுகள் விலக்கி வைத்தது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் அல்ட்ராடெக் கைக்குப் போனது. அதற்கு முன்பே கிரிக்கெட் அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டிருந்தார்கள்.

அவர் அணிக்காக எந்த அம்பயரும் விரலை உயர்த்தினார் என்று நாம் சொல்லவில்லை. நீதிமன்றமும் அதைத் தேடவில்லை. ஒரே மனிதர் ஆட்டத்தை நடத்துபவராகவும் ஆடும் அணிக்கு உடையவராகவும் இருந்தால், அவர் நேர்மையாக இருந்தாலும் பிறர் மனம் நிம்மதியாக இராது. இதை 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அம்பெய்யும் களத்தில் பாருங்கள்.

ஸலமா பின் அக்வஉ (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரி ஷரீபில் வருகிறது. அஸ்லம் கூட்டத்தார் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள் மகிழ்ந்து, எய்யுங்கள் என்று உற்சாகப்படுத்தி, நான் இன்ன கூட்டத்தாரின் பக்கம் என்றும் சொன்னார்கள். உடனே மறு அணியினர் கையை நிறுத்திவிட்டார்கள். ஏன் எய்யவில்லை என்று நாயகம் வினவினார்கள். தாங்கள் அவர்கள் பக்கம் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்றார்கள் அவர்கள். அப்போது நாயகம் (ஸல்), எய்யுங்கள், நான் உங்கள் எல்லோருடனும் இருக்கிறேன் என்றார்கள்.

சிந்தியுங்கள் சகோதரர்களே! அங்கே பக்கம் சாய்ந்தவர் யார்? உலகத்திலேயே நீதியில் அவருக்கு நிகர் இல்லாதவர். அவர் ஓர் அம்பைக்கூடத் திருப்பியிருக்க மாட்டார் என்பது எய்தவர்களுக்கே தெரியும். ஆனாலும் கை நின்றுவிட்டது. நாயகம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. என் நேர்மையைச் சந்தேகிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. தம் சொல்லையே மாற்றிக்கொண்டார்கள். நம் காலத்துத் தலைவர்கள் பலருக்கு வராதது அந்த ஒரு வாக்கியம்.

இன்னொன்று. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்து, அன்பளிப்பு வருகிறதா என்று பார்த்திருக்கக் கூடாதா என்ற கருத்துப்படக் கேட்டார்கள். அபூஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸை ஆலையில் கொள்முதல் பிரிவில் இருக்கும் நம் சகோதரர்களும், வளைகுடாவில் ஒப்பந்தக் கம்பெனிகளில் மேற்பார்வை பார்க்கும் லெப்பைக்குடிக்காட்டு மக்களும் படித்துப் படித்துக் கேட்க வேண்டும். பெருநாளுக்கு வரும் அந்தப் பெட்டி உங்கள் முகத்துக்காக வருகிறதா, உங்கள் கையெழுத்துக்காக வருகிறதா? வேலையை விட்டு வீட்டில் இருந்தால் வருமா?

கிரிக்கெட் வாரியத்தைக் குறை சொல்வது எளிது. நம் ஜமாஅத்துகளில் வக்ஃபுக் கடைகளை வாடகைக்கு விடும் கூட்டத்தில், மச்சானுக்குக் கடை கேட்கும் நிர்வாகி எழுந்து வெளியே போகிறாரா? வெளியே போய் உட்கார்ந்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத்துச் செய்வானாக. அவர்கள் எண்ணிக்கை குறைவு.

பொறுப்பைத் துறப்பது எப்படி என்று அரியலூருக்கு வெளியூர்க்காரர் சொல்லித் தரத் தேவையில்லை. 1956 நவம்பர் 23 அதிகாலையில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் குலைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தண்டவாளத்தைப் பார்க்கும் வேலை ரயில்வே அமைச்சருடையதல்ல. ஆனாலும் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மூன்று மாதத்துக்கு முன்னர் மஹபூப்நகர் விபத்தின் போதே அவர் கொடுத்த விலகல் கடிதத்தை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றுக்கொண்டார். அவர் முஸ்லிமல்லர். அமானிதம் என்ற சொல் நம்முடையது. அந்தக் குணத்தை அன்று அவரிடம் நாடு கண்டது. (அதே நவம்பர் 23-இல்தான், 2007-இல், அரியலூர் மாவட்டம் மீண்டும் பிறந்தது. தற்செயல்தான்.)

இனித் தொலைக்காட்சி. ஐ.பி.எல். ஆட்டங்களை 2023 முதல் 2027 வரை காட்டும் உரிமை 2022 ஜூனில் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அவ்வளவு கொடுத்தவர்கள் அதை நம்மிடமிருந்துதான் எடுக்க வேண்டும். நம் நேரத்தை விளம்பரக்காரருக்கு விற்றுத்தான் எடுக்கிறார்கள். இரவு ஆட்டம் 7.30-க்குத் தொடங்குகிறது. கோடையில் நம் ஊரில் இஷாவின் வக்து வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆட்டத்தின் நடுவே, ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு முறை, இரண்டரை இரண்டரை நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி வைக்க விதியே இருக்கிறது. ஆலோசனைக்கு என்று பெயர்; அந்நேரத்தில் நம் வீட்டில் ஓடுவது விளம்பரம். ஆக மொத்தம் பத்து நிமிடம். இஷாவின் பர்ளு நான்கு ரக்அத்துக்கும் அவ்வளவுதான் ஆகும். விளம்பரத்துக்காக ஆட்டமே நிற்கிறது. தொழுகைக்காக நாம் திரையிலிருந்து எழுந்திருக்க மாட்டோமா?

தோல்வியன்று நம் நாக்கையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது, ஆடியவர் பதினொருவர். வசை முஹம்மது ஷமி ஒருவருக்கு, அவர் மார்க்கத்தைச் சொல்லி. அணித்தலைவர் விராட் கோலி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். நாம் மனம் நொந்தோம். பிறகு 2025 மார்ச்சில், ரமலானில், அதே துபாயில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த அரையிறுதியில் அதே ஷமி பானம் அருந்தினார். இம்முறை வசைபாடியவர்கள் நம்மவர்கள். மவுலவி ஒருவரே பகிரங்கமாக அவரைப் பாவி என்றார். பயணிக்கு நோன்பை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளத் திருமறையே சலுகை தந்திருப்பதை வேறு உலமாக்கள் எடுத்துச் சொன்னார்கள். ஒருவர் நாடு கடந்து சென்றிருக்கிறார். அவர் பிறகு நோன்பைக் கழா செய்வாரா என்பது அவருக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது. சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியில் அவருக்கு ஃபத்வா கொடுத்தவர்களின் நோன்பு என்னவாயிற்று என்பதுதான் நம் கவலை.

ஆட்டக்காரர்களில் முன்மாதிரி வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா இருக்கிறார். தம் அணிக்குப் பணம் கொடுத்த மது நிறுவனத்தின் சின்னத்தைச் சட்டையில் அணிய மறுத்தார், வாரியமும் ஏற்றுக்கொண்டது. 2012-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் 311 ஓட்டங்கள் எடுத்து, தென்னாப்பிரிக்காவின் முதல் முச்சதக்காரர் ஆனார். சின்னம் இல்லாததால் மட்டை கனக்கவில்லை.

தோல்வியைத் தாங்க முடியாதவர்களுக்கும் ஒரு செய்தி. நாயகத்தின் அள்பா என்ற ஒட்டகம் எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை. ஒரு நாட்டுப்புறத்து அரபி இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் வருத்தம். உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்ற கருத்தில் நாயகம் சொன்னார்கள். அந்த அரபியை யாரும் ஏசியதாக ரிவாயத்து இல்லை.

இவ்வளவையும் அந்தத் திண்ணையில் நாம் சொல்லவில்லை, இரவு நேரமாகிவிட்டது. அம்பு ஹதீஸை மட்டும் சொன்னோம். தம்பிமார் அதை லாரி பாயிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் அவர் பள்ளியில் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் வந்து உட்கார்ந்தார்.

“ஹஜ்ரத், பசங்க சொன்னாங்க. கோப்பையும் பணமும் நான் தர்றேன். கமிட்டியில என் பேரு வேண்டாம். அம்பயரை அவங்களே பக்கத்து ஊர்லேர்ந்து கூப்பிட்டுக்கட்டும்.”

“ஆட்டம் பார்க்க வருவீங்கள்ல பாய்?”

“வந்தா தம்பி மகனுக்குத்தான் கை தட்டுவேன். அதனால கடைசி நாள் மட்டும் வர்றேன்.”

போட்டி பெருநாளுக்கு அடுத்த வாரம் நடந்தது. கட்டணம் இருநூறு. லுஹருக்கும் அஸருக்கும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பாயின் தம்பி மகன் அணி அரையிறுதியில் நான்கு ஓட்டத்தில் தோற்றது. அந்தப் பையன் அவுட் கொடுக்கப்பட்ட பந்து மட்டையில் பட்டதா என்று இன்றுவரை டீக்கடையில் பேச்சு. கடைசி நாள் மஃரிபுக்கு முன் பாய் வந்து கோப்பையைக் கொடுத்தார். அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த லாரி லோடு ரசீதுகளை அப்போதும் எடுக்க மறந்திருந்தார்.